உறைகுளிர் அறையில் முப்பத்தேழு நிமிடம்

இது கட்டுக்கதை இல்லை. சென்ற நவம்பர் இரண்டாம் திகதி, பட்டப்பகலில், ஓலைத்தொடுவாயில் நடந்தது. பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள், வாசித்து முடித்த பிறகு அந்தத் தைரியம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்ரனுக்கு இந்த விஷயங்களில் நம்பிக்கையே கிடையாது. மன்னார் நகரில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான். கந்தோர்களுக்கும் கொம்பனிகளுக்கும் வைஃபை பூட்டிக் கொடுப்பதுதான் தொழில். எந்தப் போனை உள்ளே விடுவது, எதை வாசலோடு மறிப்பது என்று பட்டியல் போடுவதில் ஆள் கெட்டிக்காரன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஓலைத்தொடுவாயில் நண்டும் மீனும் பதனிடும் ஒரு கொம்பனிக்கு உறைகுளிர் அறைப் பூட்டைப் போட்டதும் அவன்தான். அங்கே திறப்பு, சாவி என்று எதுவும் கிடையாது. பட்டியலில் பெயர் உள்ள போன் அந்த வைஃபையில் இணைந்து பூட்டைத் தொட்டால் கதவு திறக்கும். பெயர் இல்லாத போன் தொட்டால் 'பீப்' என்று ஒரு மறுப்பு, அவ்வளவுதான். உள்ளே இருந்து திறக்கவும் அதே வழிதான். "தம்பி, உள்ளுக்கும் ஒரு பொத்தான் வையுங்கோ" என்று அங்கே வேலை செய்த யசிந்தா என்ற பெண் ஒருநாள் கேட்டாள். "அடுத்த முறை வைக்கிறன் அக்கா" என்றான். அந்த அடுத்த முறை வரவேயில்லை. அதற்குள் யசிந்தா நெஞ்சடைப்பில் இறந்துவிட்டாள்.

அன்று ஆன்மாக்கள் திருநாள். ஊர் முழுக்க சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே நிற்கும். இறந்தவர்களின் பெயர்களைக் குடும்பங்கள் எழுதிக் கொடுக்க, பூசையில் பங்குச் சுவாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். கடலுக்கும் போக மாட்டார்கள், கொம்பனிக்கும் வர மாட்டார்கள். ஆள் இல்லாத நாள் என்பதால்தான் மில்ரன் அந்த நாளைப் பிடித்தான். பழைய பட்டியலை அழித்துப் புதிதாகப் போட வேண்டும்.

மேற்பார்வையாளர் லூசியா கறுப்புச் சேலையோடு வாசலில் நின்றாள்.

"நாங்கள் நாளைக்குக் காலமைதான் இனி வருவம். முடிச்சிட்டு வெளிக்கதவைச் சாத்திட்டுப் போங்கோ."

"ஓம் அக்கா."

"யசிந்தாவின்ர பேர் இன்னும் அதில கிடக்குதோ?"

"கிடக்குது."

"அதை இண்டைக்கு அழியாதேங்கோ. பேர் வாசிக்கிற நாள்."

மில்ரன் தலையாட்டினான். அவள் போனதும் சிரித்தான். ஒரு பெயரை மட்டும் விட்டுவைக்க இருபது தடவை அமத்த வேண்டும். முழுவதையும் அழிக்க ஒரு தடவை போதும். மேசையில் இருந்த மடிக்கணினியில் ஒரு தடவை அமத்தினான்.

நேரம் 3.38.

பட்டியல் வெறுமை. தன்னுடைய போனும் அதோடு போனதை அவன் யோசிக்கவில்லை.

அறைக்குள் வைஃபை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க, சுற்றியுள்ள அலைகளையும் அவற்றின் பலத்தையும் காட்டும் செயலியைத் திறந்துகொண்டு உள்ளே போனான். கதவு சாத்தாமல் இருக்க நண்டுக் கூடை ஒன்றை முண்டு கொடுத்தான். வெளியே வாடைக்காற்று.

டப்.

கதவு சாத்திக்கொண்டது. நேரம் 3.40.

போனைப் பூட்டில் தொட்டான். பீப். மறுபடியும் தொட்டான். பீப். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பட்டியலில் அவனே இல்லை.

மைனஸ் பதினெட்டுப் பாகை. உடம்பில் மெல்லிய சேட் மட்டும். இரும்பும் தடித்த பஞ்சும் போட்ட சுவர், அழைப்பு எதுவும் போகவில்லை. கத்தினான். கேட்க ஊரில் யாரும் இல்லை. நாளைக் காலை லூசியா வந்து திறக்கும்போது, மீன்களோடு மீனாகத்தான் அவன் கிடப்பான். வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை. மில்ரனுக்கு அழுகை வந்தது.

போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுத் தோளால் கதவை இடித்தான்.

பீப்.

நின்றான். போன் பைக்குள் இருந்தது. அவன் பூட்டைத் தொடவில்லை.

பூட்டுக் கோளாறாக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். நேரத்தைப் பார்த்தான். 3.46. காத்திருந்தான்.

3.47. பீப்.

3.48. பீப்.

நிமிடத்துக்கு ஒன்று. யாரோ பொறுமையாக, விடாமல், பூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல.

"ஆரது வெளியில?"

காற்றாடியின் இரைச்சல் மட்டும்.

விரல் நுனிகள் மரத்துவிட்டன. 4.02. செயலியைப் பார்த்தான். இவ்வளவு நேரமும் கொம்பனியின் வைஃபை ஒன்றுதான் அதில் இருந்தது. இப்போது அதற்குக் கீழே இன்னொரு பெயர்.

யசிந்தா.

பலம் 12. தூரத்தில் எங்கோ.

பீப்.

பலம் 31.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். பெட்டிகள். வெண்புகை. வேறு ஒன்றும் இல்லை.

4.09. பலம் 58. இங்கே, இந்தக் கொட்டகைக்குள்.

4.13. பலம் 80. கதவுக்கு வெளியே இல்லை... உள்ளே.

4.15. பலம் 97.

அது எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியும். தொழில் அது.

ஒரு சாண்.

மூச்சை அடக்கினான்.

அவன் மூச்சு நின்ற பிறகும்... முகத்துக்கு முன்னால் இன்னொரு வெண்மூச்சு.

4.16. பீப்.

"அக்கா..." என்றான். "பேரைத் திருப்பிப் போடுறன் அக்கா..."

4.17.

டிக்.

கதவு திறந்தது.

வெளியே விழுந்து கிடந்து நடுங்கினான். முண்டு கொடுத்த கூடை, மற்றக் கூடைகளோடு ஒழுங்காக அடுக்கி இருந்தது. மடிக்கணினியைப் பார்த்தான். வெறுமையாக்கிய பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. யசிந்தா. 4.17. கதவு திறக்கப்பட்டது, உள்ளிருந்து.

கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேமக்காலைக்கு ஓடினான். மெழுகுதிரி வெளிச்சங்களுக்கு நடுவே லூசியா அவனைப் பார்த்துப் பயந்துபோனாள். தன் சால்வையை எடுத்துப் போர்த்தினாள்.

"என்ன தம்பி, கை ஐஸ் மாதிரிக் கிடக்கு?"

"அக்கா, யசிந்தாக்காவின்ர போன் இப்ப ஆரிட்ட இருக்கு?"

லூசியா முன்னால் இருந்த கல்லறையைக் காட்டினாள்.

"அவவோடதான். போன வருசம் இதே நாள். கடைசிக் கூடையை உள்ளுக்கு வச்சிட்டுப் பூசைக்கு வாறன் எண்டவா. வரேல்லை. போய்ப் பார்த்தால் குளிர் அறை வாசலில விழுந்து கிடக்கிறா. நெஞ்சடைப்பு எண்டு டொக்டர் சொன்னவர். போனை இறுக்கிப் பிடிச்ச கை விரியவேயில்லை. மகள் றொஷேல் அப்பிடியே பெட்டிக்குள்ள விடச் சொல்லிட்டாள்."

"எத்தினை மணிக்கு?"

"நாலரைக்கு நாங்கள் கண்டது." சால்வையை அவன் கழுத்துவரை இழுத்து மூடினாள். "இப்பதான் அவவின்ர பேர் வாசிச்சவை. ஒரு பத்து நிமிசம் இருக்கும்."

மில்ரன் கல்லறைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். மடியில் கணினியை விரித்து, முந்திய வருடத்துப் பதிவைத் தேடினான். அதுவரை ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. நெஞ்சடைப்பு என்று சொன்ன பிறகு பூட்டின் பதிவை யார் பார்க்கப் போகிறார்கள்.

நவம்பர் இரண்டு. 3.40, யசிந்தா, உள்ளிருந்து, மறுக்கப்பட்டது. 3.41, மறுக்கப்பட்டது. 3.42, மறுக்கப்பட்டது. விரலால் தொட்டு எண்ணினான். 4.16 வரை முப்பத்தேழு தடவை. 4.17க்குக் கதவு திறக்கப்பட்டது.

அந்த நாள் அவனுக்கு நினைவு வந்தது. கடையில் கதிரையில் சாய்ந்து பிளேன்ரீ குடித்தபடி, ஆள் இல்லாத நாள்தானே என்று இருந்த இடத்திலிருந்தே பட்டியலைப் புதுப்பித்த நாள். ரீ ஆறிப்போக, இன்னொன்று ஊற்றிக் குடித்ததில், புதுப் பெயர்களைப் போட நாலேகால் கடந்துவிட்டதும் நினைவு வந்தது.

பதிவின் மேல் வரியில் அது தெளிவாக இருந்தது.

3.38. பட்டியல் முழுவதும் அழிக்கப்பட்டது. அழித்தவர்: மில்ரன்.