பரிசீலனையில் இருந்த கல்யாணம்

ஆளுநர் பதவி முடிந்து பெரிய காஞ்சிபுரத்துக்குத் திரும்பிய அன்று, நமச்சிவாயம் தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். கதவு பூட்டியிருக்கவில்லை. யாராவது திறந்துவிடுவார்கள் என்று நின்றார். ஐந்து வருஷப் பழக்கம். ஒரு வாரம் முன்னதாகவே வந்து வீட்டைப் பெருக்கி வைத்திருந்த மனைவி மங்கையர்க்கரசி, கதவுக்குக் கைப்பிடி இருக்கிறது என்று உள்ளிருந்தே நினைவுபடுத்தினாள்.

பத்தாவதோடு படிப்பை விட்டுத் தறிக்குழியில் கால் இறக்கியவர் அவர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குநர், அப்புறம் தலைவர், ஒரு தடவை எம்.எல்.ஏ., மூன்று தடவை தோற்ற வேட்பாளர். கட்சி அவரை மறந்தே போய்விட்டது என்று ஊர் நினைத்திருந்த அறுபத்திரண்டாம் வயதில் டெல்லியிலிருந்து போன் வந்தது. எங்கோ தூரத்து மலை மாநிலம் ஒன்றுக்கு ஆளுநர். அதன் தலைநகரத்தின் பெயரைத் தடுமாறாமல் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

பதவியேற்ற அன்றே ஒரு தப்பு நடந்தது. முதலமைச்சர் போர்த்திய சால்வையை மேடையிலேயே புரட்டி, உள்பக்கம் பார்த்து, ஜரிகை அசல்தானா என்று நகத்தால் சுரண்டிவிட்டார். காஞ்சிபுரத்தில் பட்டைக் கையில் வாங்கிய எவரும் அதைத்தான் செய்வார்கள். அங்கே அது மறுநாள் பத்திரிகையில் படமாக வந்தது. மேதகு ஆளுநர் எதையும் புரட்டிப் பார்க்க வேண்டாம், வாங்கிக்கொண்டால் போதும் என்று செயலாளர் பணிவாகச் சொன்னார். அதற்கப்புறம் வந்த சால்வைகளில் ஒன்றின் உள்பக்கத்தையும் அவர் பார்க்கவில்லை. நகம் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

அதே செயலாளர் இன்னொரு வித்தையும் கற்றுக்கொடுத்தார். சிக்கலான கோப்பு வந்தால் சரி என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. பரிசீலனையில் இருக்கிறது என்றால் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது போகவில்லை. ராத்திரிக்கு இட்லியா தோசையா என்றால்கூடப் பரிசீலித்தார். அதை மங்கையர்க்கரசி பொறுத்துக்கொண்டாள். மகள் இளவரசியின் கல்யாணத்தை எட்டு மாதமாகப் பரிசீலித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

இளவரசி அந்த வீட்டின் முதல் பட்டதாரி, வங்கியில் வேலை. இரண்டு தெரு தள்ளித் தறி போட்டிருக்கும் முத்துக்குமாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். ராஜ்பவன் விருந்துகளில் இளம் அதிகாரிகளைப் பார்த்துப் பார்த்து நமச்சிவாயத்துக்கு வேறு ஆசை வந்திருந்தது. ஆனால் தறிக்காரன் வேண்டாம் என்று அவர் எந்த வாயால் சொல்வது? அதனால் ஒன்றுமே சொல்லவில்லை. தை மாதம் வரைதான் காத்திருப்போம் என்று முத்துக்குமார் வீட்டில் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

சட்டசபை ஒரு மசோதாவை இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பினால் ஆளுநர் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். இதை ஒரு நாள் சாப்பிடும்போது மனைவிக்கு விளக்கியவர் அவரேதான். மார்கழிக் கடைசியில் அவள் காபி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டாவது வாட்டி அனுப்பறேன். தை மொத வெள்ளிக்கிழமை அவங்க தட்டோட வராங்க. நீங்க கையெழுத்து போட்டாலும் சரி, போடலனாலும் சரி, நான் எல போட்டுடுவேன்."

வெள்ளிக்கிழமை வந்தார்கள். தட்டில் முத்துக்குமார் தானே நெய்த அரக்குப் புடவை இருந்தது. நமச்சிவாயம் ராஜ்பவன் முகத்தோடு வாங்கினார். வாங்கினால் போதும். கை கேட்கவில்லை. புடவையைப் புரட்டினார். உடலும் கரையும் சேருமிடத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். ஒரு பிசிறு இல்லை. ஜரிகையைச் சுரண்டினார். இன்னும் அழுத்திச் சுரண்டினார்.

"இங்க ஒரு இழை விட்டுப்போயிருக்குது" என்றார்.

ஐந்து வருஷமாக அவர் என்ன சொன்னாலும் எதிரில் இருந்தவர்கள் ஆமாம் என்றே தலையாட்டியிருந்தார்கள். முத்துக்குமாரின் அப்பாவும் அதற்குத் தயாரானார். முத்துக்குமார் எழுந்து வந்து குனிந்து பார்த்தான்.

"விட்டுப்போவல மாமா. நீங்க சுரண்டிக்கினே இருந்தீங்களே, அதுல வந்துது."

இளவரசி கண்ணை மூடிக்கொண்டாள். நமச்சிவாயம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புடவையைப் பார்த்தார். பிறகு தன் நகத்தைப் பார்த்தார். அதன் இடுக்கில் பொன்னிறமாக ஏதோ மினுங்கியது.

"ஆமாப்பா, நான்தான்" என்றார். சொன்னதும் உடம்பே லேசானதுபோல இருந்தது. மகள் பக்கம் திரும்பினார். "ஒரு ஊசி எடுத்துக்கினு வாம்மா. அப்படியே மாப்பிள்ளைக்கு லைட்ட போடு."

இரண்டு பேரும் புடவைமேல் தலை முட்டக் குனிந்தார்கள். மங்கையர்க்கரசி இலை போடப் போனாள்.