பொன்னுத்துரையின் ஸ்வெட்டர்

குன்னூர் மலைப்பாதையில் காட்டேரி என்ற ஊரைத் தாண்டிய இறக்கத்தில், பின்னால் வந்த உருளைக்கிழங்கு லாரிக்குப் பொன்னுத்துரை கையை உயர்த்தி ஒரு கும்பிடு போட்டார். லாரி நின்றுவிட்டது.

"ஏறிக்குங்க. எங்க போகோணும்?" என்றார் டிரைவர்.

"இல்லப்பா, சும்மாதான் கும்புட்டேன். நாங்க நடந்து போறோம்."

"நடந்தா? எங்க வரைக்கும்?"

"கோயமுத்தூரு."

டிரைவர் அவரை விட்டுவிட்டு மகள் மரகதத்தைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். லாரி நகர்ந்ததும் அப்பாவிடம் திரும்பினாள்.

"லிப்ட் கேக்குறோம்னு நெனச்சு வார வண்டியெல்லாம் நிக்குதுப்பா. கைய வச்சுக்கிட்டுச் சும்மா வாங்க."

"ரோட்டுல ஒரு மனுசன் வாரான். மொகத்தத் திருப்பிக்கிட்டா போறது?"

அவர் அப்படித்தான். இலங்கையில் தலவாக்கலைத் தோட்டத்தில் பிறந்து, பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயதில் கப்பலேறி வந்து, குன்னூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர். ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டும் வேலை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். தேத்தண்ணி குடிக்க ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்த வீட்டில் உலை கொதித்து, சோறும் வடித்த பிறகுதான் வெளியே வருவார். கப்பலில் வாந்தி எடுத்த கதை, மண்டபம் முகாமில் பெட்டி மாறிப்போன கதை, முதல் மாரியம்மன் திருவிழாவில் படுகர் வீட்டுக் கிழவரோடு, பாஷை தெரியாமலே, மணிக்கணக்கில் பேசிய கதை எல்லாம் லயத்துக்கே மனப்பாடம்.

ஒன்றை மட்டும் அவர் சொன்னதில்லை. மனைவி தெய்வம்மாவை மதராசுக்குக் கூட்டிப்போனது மார்பில் வந்த புற்றுநோய்க்காக. ஆபரேஷன் முடிந்து, பிழைத்து, இப்போது பழையபடி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள். லயத்தில் அவர் சொன்னது பித்தப்பையில் கல் என்று. கல் முதலில் மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. சொல்லச் சொல்ல வளர்ந்து நெல்லிக்காயாகிவிட்டது.

அவருக்கும் காரணம் இருந்தது. தலவாக்கலையில் பக்கத்துக் காம்பிரா வீட்டில் ஒரு பெண்ணுக்கு இதே நோய். அவள் மகள் கல்யாணத்தில் ஆக்கிய சோறு அண்டாவோடு கிடந்தது. ஒருவரும் கை நனைக்க வரவில்லை. அந்த அண்டாவைக் கழுவக் கூப்பிட்டபோது இவருக்குப் பதினைந்து வயது.

மரகதம் குன்னூரில் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்க நிதி சேர்க்கிறார்கள், யாராவது நடந்து போய் ஊர் ஊராகச் சொன்னால் நல்லது என்று நர்ஸ் பள்ளிச் சூப்பரின்டென்டன்ட் செலஸ்டின் அம்மா கேட்டதும் முதலில் கை தூக்கியவள் அவள். 'பொட்டப்புள்ள தனியாவா நடக்கும்?' என்று பொன்னுத்துரையும் கிளம்பிவிட்டார். இருப்பது ஒரே துணிப்பட்டை, அதை அவர்தான் மார்புக்குக் குறுக்கே கட்ட வேண்டும் என்பது கிளம்பும் காலையில்தான் தெரிந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு எழுத்து: 'புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நடக்கிறோம்.'

கட்டிக்கொண்டார். அதன்மேல் ஸ்வெட்டரைப் போட்டுக் கழுத்து வரை பொத்தானும் போட்டுக்கொண்டார்.

"நோவோட பேரச் சொன்னா வாய் வெந்துருமா?" என்றாள் தெய்வம்மா.

"குளுருதுடி."

குன்னூரில் குளிர்ந்தது உண்மைதான். பர்லியாரில், பழக்கடைகளில் மங்குஸ்தான் குவித்து வைத்திருந்த இடத்தில், குளிர் இல்லை. அங்கேயும் கழற்றவில்லை. யாரோ என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "நேத்திக்கடன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். மரகதம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். அதுதான் அவரைச் சுட்டது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வெயில் ஏறியது. கல்லாறு வந்து பாக்குத்தோப்பு தெரிந்தபோது ஸ்வெட்டர் முதுகோடு ஒட்டியிருந்தது, கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. ராமாத்தாள் என்ற அம்மாளின் டீக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார்.

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். ராமாத்தாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, ஊட்டுல யாருக்குங்க?"

பொன்னுத்துரை மகளைப் பார்த்தார். அவள் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"எம் பொஞ்சாதிக்கு," என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ரெண்டு வருசமாச்சு. இப்ப நல்லாத்தான் இருக்குறா."

"அது தொத்துமுங்களா?"

"தொத்துனா மொதல்ல என்னையில்ல தொத்தியிருக்கணும்? ஒரே தட்டுல சோறு திங்கிறோம்."

மூட்டைமேல் இருந்தவர் சிரித்துவிட்டார். ராமாத்தாள் டீயைக் கொண்டுவந்து பொன்னுத்துரை கையிலேயே கொடுத்தாள். "எங்க சின்னம்மாளுக்குக் கழுத்துல ஒரு கட்டி இருக்குதுங்க. வலியில்லீன்னு சும்மாவே திரியறா," என்றாள். மரகதம் நிமிர்ந்தாள். எழுந்து, ராமாத்தாளைத் தனியே அழைத்துப் போய் எங்கே, யாரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்குள் பொன்னுத்துரை மதராஸ் ஆஸ்பத்திரியின் மாடிப்படி வரைக்கும் கதையில் ஏறியிருந்தார்.

அதன்பிறகு ரேடியோவை நிறுத்த முடியவில்லை. மேட்டுப்பாளையத்தில் மண்டிக்காரர்களிடம், காரமடைக் கோயில் வாசலில், பெரியநாயக்கன்பாளையத்து மில் கேட்டில், ஷிப்ட் விட்டு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். கல்லை நெல்லிக்காயாக்கிய வாயால் நோயின் பேரைச் சொன்னார். "மறைச்சு வச்சேன், தப்புத்தான்," என்று அதையும் சேர்த்தே சொன்னார். ராத்திரி தங்கிய பள்ளிக்கூடங்களில் மகள் அவர் கால் கொப்புளத்துக்கு மருந்து போடும்போதும் பேசினார். "அப்பா, மூச்சாவது விடுங்க," என்று அவள் சிரித்தாள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் மாலை, மைக், போட்டோக்காரர் எல்லாம் தயார். செலஸ்டின் அம்மாவோடு பஸ்ஸில் வந்திருந்த தெய்வம்மா புதுச் சேலையில் நின்றாள். போட்டோவுக்கு ஆள் நிறுத்தும்போது பொன்னுத்துரையைக் காணவில்லை.

"எங்கயாச்சும் பேச ஆள் கெடச்சிருக்கும்," என்றாள் தெய்வம்மா.

மரகதம் தேடிப் போனாள். உள்ளே, வராந்தா பெஞ்சில் இருந்தார். பக்கத்தில் ஒரு விவசாயி, மடியில் எக்ஸ்ரே உறையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னுத்துரை வாயைத் திறக்கவில்லை. வெளியே மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கொப்புளக் கால்கள் இரண்டையும் பெஞ்சின்மேல் மடக்கிப் போட்டு, அந்த மனிதர் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.