எழும்பி நின்று ஓட்டுகிறவர்

புதுக்கடை ஊரிலிருந்து மார்த்தாண்டம் வரை கடைகளுக்கு ரஸ்க் போடுவது என் வேலை. சித்திரை வெயிலில் பைக் சீட் தோசைக்கல்லாகி, உட்காரும் இடத்தில் கொப்புளம் வந்துவிட்டது. அது முற்றி, ஆபரேஷன் வரை போய், வேலையும் போய்விடும் என்று பயந்துகொண்டே ஓட்டினேன். எட்டாவதோடு நின்ற எனக்கு வேறு வேலை யார் தருவார்?

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். பின்னால் மீன்பெட்டி கட்டிய பைக், மடித்துக் கட்டிய கைலி, நல்ல தொந்தி. சாலையோரம் சிலுவை நட்ட குருசடி வந்தால் சீட்டைவிட்டு எழும்பி நின்று ஓட்டுவார். அம்மன் கோயில் வந்தாலும் எழும்புவார். எங்கள் பக்கம் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அவர் உட்கார்ந்திருந்த நேரம்தான் குறைவு.

டீக்கடையில் கேட்டே விட்டேன். "அண்ணே, உங்களுக்கு எல்லா சாமியும் வேணுமோ?"

"சாமிக்கில்ல மக்கா, குண்டிக்குக் காத்து வேணும்லா! சும்மா எழும்பினா பாக்கவன் சிரிப்பான். கோயிலுக்கு முன்ன எழும்பினா எவன் சிரிப்பான்?"

"சாமி கோவிச்சுதுன்னா?"

"ஏலே, இந்த வெயிலுல அதுக்கு இவ்வளவு மரியாத வேற எவன் குடுக்கான்?"

மறுநாளே நானும் எழும்ப ஆரம்பித்தேன். இரண்டு வாரத்தில் கொப்புளம் அமுங்கியது, வேலையும் தப்பியது.

ஆனால் டீக்கடையில் அவரிடம் கேட்ட அன்றே, டீ குடித்துவிட்டு, அவருக்குச் சற்றுத் தள்ளிப் பின்னால் போனேன். சாலையில் வேறு ஆளே இல்லை. ஒரு குருசடி முன்னால் எழும்பியவர், ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். விழுந்துவிடுவாரோ என்று நான் பிரேக்கைப் பிடித்தேன்.

காற்று வாங்குவதற்குச் சிலுவை எதற்கு? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.