ராஜபாளையம் கொட்டகையில் ஒரு தாய்மாமன்

ஆடித் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊமைப்படக் கொட்டகை போட்டிருக்கிறார்கள், புதுப் படமாம் என்று கேள்விப்பட்டதுமே, வத்திராயிருப்பில் எங்கள் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். பார்த்துவிட்டு வந்து கதை முழுவதையும் சொல்வதாகப் பேச்சு. போன வருஷமும் இப்படித்தான் சொன்னேன். மழை வந்து கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். இந்தத் தடவையும் வெறுங்கையோடு திரும்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

கதை சொல்வதுதான் மிஷனில் என் வேலை. வேதக் கதைப் படங்களைச் சுருட்டிக்கொண்டு கான்சாபுரம் வரைக்கும் போய், விரித்துக் காட்டிச் சொல்வேன். அதனால் எனக்குத் தொண்டை கொஞ்சம் பெரிது. வீட்டில் அதற்கு மரியாதை கிடையாது.

தேர் முடிந்து மூன்றாம் நாள் விடியற்காலையில் வீட்டுக்காரரும் நானும் மாட்டுவண்டியில் கிளம்பினோம். பன்னிரண்டு மைல், இருவருக்கும் ஆறணா. போய் இறங்கினால், கொட்டகை இருந்த இடத்தில் கம்பு ஊன்றிய குழிகள்தான் இருந்தன.

"தேர் முடிஞ்சா அவனுக்கு இங்க என்ன சோலி? ராஜபாளையம் போயிட்டான்" என்றார் வண்டிக்காரர்.

"இத முன்னமே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே."

ரயில் ஓட ஆரம்பித்த புதிது. ராஜபாளையத்துக்கு ஏழு மைல், ஆளுக்கு இரண்டரை அணா, அரை மணி நேரம். மேற்கே மலை கூடவே வந்தது. நான் மலையை எங்கே பார்த்தேன், மனசு பூராவும் கொட்டகையில் இருந்தது.

தரை டிக்கெட் ஓரணா. மணலில் உட்கார வேண்டும், பெண்களுக்குத் தட்டி கட்டித் தனி இடம். விளக்கு வைக்கிற நேரத்தில் கொட்டகைக்காரர் திரைக்கு முன்னால் வந்து கும்பிட்டார். "படம் ஓடும்போது கூடவே கதை சொல்லுதவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. சத்திரத்துல படுத்துக் கிடக்காரு. எனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும். துட்டத் திரும்ப வாங்கிக்கிடுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு கோபம் வந்தது. எழுந்து நின்றேன்.

"படத்த ஓட்டுங்க அண்ணாச்சி. கதைய நான் சொல்லுதேன்."

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்காரரின் குரல்: "ஏட்டி, உக்காரு! ஒனக்குக் கதையே தெரியாதே!"

"ஓடுனா தெரிஞ்சிட்டுப் போவுது!"

படம் ஓடியது. இடையிடையே வந்த எழுத்தெல்லாம் இந்தியும் இங்கிலீஷும். எனக்கு இரண்டும் தெரியாது. ஒரு ராஜகுமாரி அழுதுகொண்டே சாரட்டில் போகிறாள். பெரிய மீசைக்காரர் ஒருவர் குதிரையில் பின்னாலேயே விரட்டி வருகிறார். இப்படி விழுந்தடித்துக்கொண்டு வருகிறவர் வேறு யாராக இருக்க முடியும்?

"வாராரு பாருங்க, பொண்ணோட தாய்மாமன்! கோவிச்சிக்கிட்டுப் போற மருமவளக் கூட்டியாரப் போறாரு!"

கொட்டகை நிமிர்ந்து உட்கார்ந்தது. மாமன் அவளுக்காக ஒரு படையையே அடித்து நொறுக்கினார். பக்கத்திலிருந்த தெலுங்குக்கார அம்மா, நான் மூச்சு வாங்க நிறுத்தினால்கூட "செப்பம்மா, செப்பு!" என்று முதுகில் தட்டினார். கடைசியில் மீசைக்காரர் ஒரு மாலையை எடுத்து ராஜகுமாரியின் கழுத்தில் போட்டார்.

தாய்மாமன் எதற்கு மாலை போடுகிறார் என்று கொட்டகையே என் பக்கம் திரும்பியது. ஒரு விநாடிதான்.

"அதுக்கென்ன? அக்கா மவ மாமனுக்கு முறைதான! கட்டிக்கிட்டாரு!"

விசிலில் கூரை பிய்த்துக்கொண்டது. ஆண்கள் பக்கத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

அன்றிரவு அந்தத் தெலுங்கு அம்மா தம் வீட்டிலேயே எங்களைத் தங்க வைத்தார். மறுநாளும் போனோம். பருத்தி மண்டி ஆட்கள் முதல்நாள் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு மறுபடி வந்திருந்தார்கள். கதை சொல்பவருக்கும் தொண்டை தேறியிருந்தது. "இந்த மீசைக்காரன் எதிரி நாட்டுத் தளபதி" என்று ஆரம்பித்தார்.

"தளபதியாவது கிளபதியாவது! தாய்மாமன் எங்கய்யா?"

கூச்சல் அடங்கவில்லை. கொட்டகைக்காரர் பெண்கள் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். நான் எழுந்தேன். நேற்றைவிட நன்றாகவே சொன்னேன். நேற்று வாய்க்கு வந்தது, இன்று வேண்டுமென்றே சொன்ன பொய். அதில் எனக்கு வெட்கமே இல்லை, பெருமைதான்.

படம் பார்க்கப் போகிறவர்களுக்கு: பாய் ஒன்று கொண்டுபோங்கள், மணல் சுடும். திருவிழா முடிந்திருந்தால் கொட்டகை எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று வண்டி ஏறுமுன் கேளுங்கள். இப்போது சேத்தூரில் இருக்கிறது. பழைய ஆள்தான் கதை சொல்கிறார். கிளம்புமுன் அவர் என்னிடம் வந்து, "அக்கா, அந்த மாமன் கதைய மொதல்லருந்து ஒருக்கச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு போனார்.