ஜெர்மனிலும் 'சரிங்க'

இந்த ஊர்க்காரர்கள் காலை விடிந்ததுமே 'நைன்' சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். நைன் என்றால் இல்லை, வேண்டாம், முடியாது, எல்லாம்தான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ரொட்டிக்கு ஜாம் வேண்டுமா என்று கேட்டால் நைன். ஜன்னலைத் திறக்கட்டுமா, நைன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமுடியுமா என்று பொறுப்பாளர் கேட்டால், நேற்றுச் சேர்ந்த பெண்கூடச் சிரித்துக்கொண்டே நைன் என்கிறாள். கேட்டவரும் கோபிப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் நான்தான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஜெர்மன் எனக்குத் தெரியாமலில்லை. பரீட்சையில் நல்ல புள்ளி. பஸ்ஸில் சண்டை பிடிக்கும் அளவுக்கு வாயும் உண்டு. ஆனால் மேலே உள்ளவர் எதிரில் நின்று எதையாவது கேட்டால், என் தலை என்னைக் கேட்காமலே ஆடிவிடும். இலங்கையில் ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் நிற்கும் அப்பாவைப் பார்த்து வளர்ந்த தலை அது. தோட்டத்தை நடத்தும் துரை சிங்களமும் இங்கிலீஷும் கலந்து ஏதோ சொல்லிவிட்டு, "வெளங்குச்சா?" என்பார். அப்பா உடனே, "சரிங்க தொர" என்பார். ஜீப் வளைவில் மறைந்த பிறகுதான் பக்கத்திலிருப்பவரிடம், "என்னாங்க மாமா சொன்னாரு?" என்று கேட்பார். ஆளுக்குக் கொஞ்சம் விளங்கியிருக்கும். நாலு பேர் கூடிப் பேசினால் வேலை பிழையில்லாமல் முடிந்துவிடும். அதில் பயமும் இருந்தது, மறைப்பானேன். ஆனாலும் சொன்ன 'சரிங்க'வைக் காப்பாற்ற அப்பாவுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது, எங்கள் பொறுப்பாளர் சபீனா, படுக்கையிலிருந்து ஆளைத் தூக்கும் புது இயந்திரத்தை விளக்கிவிட்டு, "விளங்கியதா?" என்று கேட்டார். ஆமாம், ஆமாம் என்று "யா, யா" போட்டேன். பாதிதான் விளங்கியிருந்தது. மறுநாள் ஹெர் பெக்கர் என்ற பெரியவர், கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே, தொங்கும் துணியில் அந்தரத்தில் நின்றுவிட்டார். எந்தப் பொத்தானை அழுத்தியும் இறங்கவில்லை. உதவி மணியை அடித்தேன். அவரோ, "அவசரமில்லை, இங்கிருந்து பூங்கா நன்றாகத் தெரிகிறது" என்றார். அந்த மனுஷர் நன்றாக இருக்க வேண்டும்.

சபீனா ஓடிவந்து அவரை இறக்கினார். பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார். வேலை போயிற்று, அதோடு விசாவும் போயிற்று என்றே நினைத்தேன்.

"விளங்கியது என்றாயே?"

"எங்கள் ஊரில் பெரியவர்கள் கேட்டால் ஆம் என்பதுதான் மரியாதை."

"இங்கே அது ஆபத்து" என்றவர் வேலை அட்டவணையை எடுத்துப் பார்த்தார். பிறகு, "சனிக்கிழமை அந்த இயந்திரத்தைத் தனியாக இயக்குவாயா?" என்றார்.

யா என்றால்தான் வேலை நிலைக்கும் என்று புத்தி சொன்னது. ஹெர் பெக்கரின் தொங்கிய கால்கள் கண்ணுக்குள் நின்றன. "நைன்" என்றேன். "இன்னும் இரண்டு நாள் கூட நின்று காட்டித்தாருங்கள்." இரண்டு வருஷம் படித்த ஜெர்மனில் நான் பட்டபாடு அந்த ஒரு சொல்லுக்குத்தான். சபீனா இரண்டு நாளும் என்னோடு நின்றார். வேலையும் நிரந்தரமாயிற்று. அவரை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. மொழி தெரிவது என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான் என்று அன்று நினைத்தேன்.

நிரந்தரக் கடிதம் கிடைத்த மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே பின்னேரம். மாரியம்மன் திருவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டதாம்.

"இந்த வருசமாச்சும் வந்துருவியா புள்ள?"

அந்த மாதம் எனக்கு லீவு கிடையாது. முடியாது என்று சொல்லப் பழகியவள்தானே, சொல்லியிருக்கலாம்.

"வர்றேம்மா" என்றேன்.

"சரி புள்ள. ஒடம்ப பாத்துக்க."

அம்மா போனை நிறுத்த மறந்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இந்த வருசமும் வரமாட்டாளாம்."