பூஞ்சை விற்ற புண்ணியம்

உரக்கடைக்கு வருகிறவர்கள் செடிக்கு வைத்தியம் கேட்கத்தான் வருகிறார்கள், ஆனால் பாதி வைத்தியத்தை வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டு வருகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்கள் எல்லோரும் என் கட்சிதான். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மராத்தி ஊரான நிக்டியில் ஒரு உரக்கடையில் கவுண்டர் என் பொறுப்பு. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் வேர்ப்பூஞ்சைத் தூள் வந்தது. மிளகாய் நாற்று நடும்போது வேரடியில் ஒரு ஸ்பூன் போட்டால், பூஞ்சை வேரோடு ஒட்டிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கொண்டுவந்து கொடுக்கும். கூலியாகச் செடியிடம் கொஞ்சம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். கடை முதலாளி சேட்டிடம் பிடிவாதம் பிடித்து அதை வரவழைத்தது நான்தான். தீபாவளிக்குள் அது வேலை செய்வதைக் காட்டாவிட்டால் நான் பழையபடி போசரி குடோனுக்கு மூட்டை எண்ணப் போக வேண்டும் என்றார் அவர். அந்தக் குடோனில் ஆறு வருஷம் தும்மியவன் நான். பயமாகத்தான் இருந்தது.

இலை மட்டும்

முதலில் வந்தவர் போசரியில் லேத் ஓட்டுபவர். அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் வீட்டு மிளகாய்ச் செடி தோள் உயரம் வளர்ந்து பச்சைப்பசேலென்று நிற்கிறதாம், பூ ஒன்றுகூட இல்லையாம். விசாரித்தால், வாரம் தவறாமல் கைநிறைய யூரியா. தழைச்சத்து அளவு மீறினால் செடி இலையை மட்டும்தான் பெருக்கும், யூரியாவை நிறுத்துங்கள் என்றேன். பூஞ்சைத் தூளைப் பற்றியும் எடுத்துச் சொன்னேன். அவர் கவலை வேறாக இருந்தது.

"மிர்ச்சி வரலேன்னா சோடோ பையா, போகட்டும் விடு, இந்த இலையில கீரை மாதிரி பாஜி பண்ணலாமா?"

பெயர் வைத்த பாவம்

பூஞ்சை என்றால் நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்களே என்று, 'காளான் தூள்' என்று நானே நாமகரணம் செய்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! மோர்மிளகாய் போடுவதற்காகக் குண்டு மிளகாய் வளர்த்த திருநெல்வேலி அக்கா ஒருவர் ஆசையாக வாங்கிப்போனார். இரண்டு மாதம் கழித்து முறத்தளவு மிளகாய் பறித்த பிறகும் முகம் வாடி வந்து நின்றார். என்ன குறை என்று கேட்டேன்.

"மிளகாய் நல்லாத்தான் காய்ச்சிருக்கு தம்பி. காளான் எப்பம் முளைக்கும்?"

சும்மா இருக்கும் வேலைக்காரன்

பாணேரில் பதினோராவது மாடியில் குடமிளகாய் வளர்த்த கோயமுத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். என் தூளையும் போட்டு, கூடவே மணிச்சத்து உரமான டிஏபியையும் அள்ளிப் போட்டிருந்தார். தூளால் ஒரு லாபமும் இல்லை என்று சண்டைக்கு வந்தார். மணிச்சத்து வேர்வாசலிலேயே குவிந்து கிடந்தால் செடி பூஞ்சையைச் சீண்டாது, அதற்கு வேலையே இருக்காது என்று விளக்கினேன். கோபம் போய் முகம் மலர்ந்தது.

"கரெக்டுங்க, சாப்பாட்டு டப்பாவாலா வர ஆரம்பிச்சதுலேர்ந்து நானும் சமையக்கட்டுப் பக்கமே போறதில்லைங்க."

சனிக்கிழமை சிகிச்சை

சேட்டுக்குக் காட்டுவதற்காகக் கடை வாசலில் இரண்டு வரிசை மிளகாய்த் தொட்டி வைத்திருந்தேன். ஒன்றுக்கு முழு உரம். இன்னொன்றுக்குப் பாதி உரமும் பூஞ்சையும். இரண்டாவது வரிசை நாளுக்கு நாள் சோனியாகிக்கொண்டே வந்தது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை சீக்கிரம் கடைக்குப் போனால், சேட் வாளியும் கையுமாக அந்த வரிசைக்கு மட்டும் ஏதோ ஊற்றிக்கொண்டிருக்கிறார். பூஞ்சைக்கொல்லி! தொட்டியில் நான் 'புர்ஷி' என்று மராத்தியில் சீட்டு ஒட்டியிருந்தேன். பூஞ்சைக்கு அங்கே அதுதான் பெயர். செடிக்கு நோய் கண்டிருப்பதாக நினைத்து, மனுஷர் இரக்கப்பட்டு வாராவாரம் மருந்து ஊற்றியிருக்கிறார்.

அன்றைக்கே இரண்டு வரிசையிலும் அதே உரக் கணக்கில் புது மண்ணில் புது நாற்று நட்டேன், சீட்டு ஒட்டவில்லை. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு இரண்டு வரிசையும் சரிசமமாகக் காய்த்து நின்றன. சேட் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பூஞ்சை வரிசையில் ஒரு மிளகாயைப் பறித்து வடாபாவோடு கடித்து, கண்ணில் நீர் வழிய, மராத்தியும் இந்தியுமாகத் தீர்ப்புச் சொன்னார்.

"அண்ணா, நீ குடோனுக்குப் போக வேண்டாம். அந்த மருந்து டப்பாவை அங்கே அனுப்பு, என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்."

மண்ணுக்குள் இருக்கிற பூஞ்சையை வேலை வாங்குவது சுலபம், மண்ணுக்கு மேலே இருக்கிற அன்பானவர்களைச் சும்மா இருக்க வைப்பதுதான் பெரும்பாடு.