ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்த இலை

செத்தவர் வருகிறார், சாப்பிடுகிறார் என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் வேறு. நீங்கள் நம்ப வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை, சிரிப்பதானால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். பேய் அனுபவம் என்றால் பயத்தைத்தான் எதிர்பார்ப்பீர்கள். எனக்குப் பயம் கொஞ்சம்தான், அருவருப்புத்தான் அதிகம். இப்போது சொல்லும்போதும் குமட்டிக்கொண்டுதான் வருகிறது.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சாப்பிடும் சத்தம் எனக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாமனாரோ, சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்கே தெரியும். ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி முழங்கை வரை வழிய உறிஞ்சுவார், எலும்பை வாய்க்குள் போட்டு ஊதி ஊதி இழுப்பார், கடைசியில் பொய்ப்பல்லைக் கழற்றி அதே தண்ணீர்க் கோப்பையில் அலசுவார். நல்ல மனுஷர், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். நான் பரிமாறிவிட்டுப் பின்பக்கம் போய்த் துணி தோய்க்க ஆரம்பித்துவிடுவேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை, இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். அவர் போய் ஒரு வருஷமாகும்போதுதான் இந்தச் சங்கதி நடந்தது.

பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு வத்தேகமவில் எங்கள் வீட்டு முன் ஹாலில் சனிக்கிழமைகளில் பரதநாட்டிய வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். என்னுடையது என்று எனக்கு மிச்சம் இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான், அதுவும் போனால் அடுப்படியும் நானும்தான். அந்த நேரம் பார்த்துக் கண்டியில் ஒருவர் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஆளுயர ஸ்பீக்கர் என்று புதிதாக வகுப்புத் தொடங்கிவிட்டார். நான் சத்தம் கூடட்டும் என்று கைப்பேசியைச் சோற்றுக் கோப்பைக்குள் வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஆடப் படிக்கிற தர்ஷினியின் அம்மா ஒருநாள் வாசலிலேயே நின்று சொன்னாள்.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பின்னால நிக்கிற புள்ளைங்களுக்குப் பாட்டே கேக்க மாட்டேங்குதாம். கண்டிக்கே அனுப்பலாமான்னு அவங்கப்பா கேக்குறாரு.”

கேட்டது அவங்கப்பா இல்லை, அவள்தான் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டில் இரண்டு பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் கிடந்தன. ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோய்ப் பல காலம். பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை, கரப்பான் எச்சம், ஏதோ செத்துக் காய்ந்த நாற்றம். மூக்கைக் கட்டிக்கொண்டு டெட்டோல் போட்டுத் துடைத்தேன். ஸ்பீக்கர் காகிதம் கிழியாமல் இருந்தது. அதற்கு உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயர் போர்டு போதும். கண்டியில் கடைக்காரர் சிவப்பும் நீலமுமாக லைட் எரிகிற ஒரு பெரிய சாமானைத் தலையில் கட்டப் பார்த்தார். வேண்டாம் என்று சின்னப் போர்டைக் கேட்டேன். அதன் பையில் எழுதியிருக்கிற வாட்டை நம்பக்கூடாது. கரன்ட் கொடுக்கிற சாமான் எத்தனை வோல்ட் தருகிறதோ அதற்குத் தக்கபடிதான் சத்தம் வரும். ரவுட்டர் சார்ஜரை மாட்டிப் பார்த்தேன், மிருதங்கம் விழுகிற இடமெல்லாம் கரகரவென்று உடைந்தது. பழைய லெப்டொப் சார்ஜர் என்றால் வோல்ட்டும் அதிகம், அம்பியரும் தாங்கும். இன்னொரு கடையில் பழைய சார்ஜர்களை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள். எவனெவன் கையழுக்கோ, பிசுபிசுவென்று, தலைமயிர் சுற்றிக்கொண்டு. ஒன்றை வாங்கி வந்து, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்த பிறகுதான் அதை வெறுங்கையால் தொட்டேன்.

எல்லாம் தயாரான சனிக்கிழமையில்தான் மாமனாரின் வருஷப் படையலும் வந்தது. பின்னேரம் வகுப்பு, தாய்மாரையும் வரச்சொல்லியிருந்தேன். சத்தத்தைக் காட்டிவிட்டால் கண்டிப் பேச்சு அடங்கும் என்பது என் கணக்கு.

எங்கள் வீட்டுக்காரர் பக்கம் படையல் எப்படி என்றால், செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, உள் அறையில் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் சாப்பிடும்போது யாரும் பார்க்கக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, அந்தச் சோற்றைப் பிசைந்து ஆளுக்கு ஒரு கை கொடுப்பார்கள். நான் அடுப்படியில் வெந்துகொண்டிருந்ததால், வயர்களை எந்த ஓட்டையில் மாட்ட வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஒரு பெட்டியை ஹாலில் வைத்தாயிற்று. மற்றதை உள் அறையிலேயே விட்டோம், படையல் முடிந்ததும் தூக்கிக்கொள்ளலாம் என்று. அதன் நீள வயர் கதவுக்கு அடியால் ஹாலுக்கு வந்தது.

கலஹாவிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் சரோஜாதான் இலை போட்டாள். தரையில் போட்டால் எறும்பு வரும் என்று அந்த ஸ்பீக்கர் பெட்டியைப் படத்துக்கு முன்னால் இழுத்து, அதன் மேல் அவளுடைய அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் இலையைப் போட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. ரசம் வழிந்தால் பெட்டி என்னாவது? ஆனால் படையல் நேரத்தில் வாய் திறக்க முடியுமா? கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

தாய்மாரும் பிள்ளைகளும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார்கள். சரி, இவர்களை வைத்துக்கொண்டே போர்டைச் சரிபார்ப்போம் என்று நினைத்தேன். பாட்டு எதையும் இணைக்காமல் சத்தக் குமிழைக் கடைசி வரை திருப்பிவிட்டு, காதைக் கொடுப்பது என் பழக்கம். சார்ஜர் மட்டமானதாக இருந்தால் உம்மென்று ஓர் இரைச்சல் கேட்கும், நல்லதாக இருந்தால் ஒன்றும் கேட்காது. சுவிட்சைப் போட்டேன். லேசான ஒரு உஸ், அவ்வளவுதான். நல்ல சார்ஜர் என்று சந்தோஷப்பட்டேன், நம்புவீர்களோ என்னவோ, அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்கூட இருக்கவில்லை.

முதலில் இலை சரசரத்தது. பிறகு சோறு பிசைகிற சத்தம், சளக் சளக்கென்று, விரலிடுக்கில் குழம்பு பிதுங்குகிற மாதிரி. அடுத்தது உறிஞ்சல். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் நீளமாக ஓர் உறிஞ்சல். எலும்பை ஊதி இழுக்கிற சத்தம். கடைசியில் அடிவயிற்றிலிருந்து ஓர் ஏப்பம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஏப்பத்தின் வாடைகூட எனக்கு வந்தது.

“அப்பா!” என்று சரோஜா கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். “அண்ணி, கேட்டீங்களா? எங்கப்பா வயிறு நெறஞ்சிருச்சு அண்ணி!”

என் வீட்டுக்காரர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாந்தி தொண்டைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னால், தாய்மாருக்கு முன்னால், என் ஹாலில், என் கையால் கழுவித் துடைத்த பெட்டிக்குள்ளிருந்து! போய் சார்ஜரைப் பிடுங்கி எறிந்தேன்.

“ரேடியோ இழுக்குது. வயருல சில நேரம் அப்படி இழுக்கும்” என்றேன் தாய்மாரைப் பார்த்து. எந்த ரேடியோவில் ஓர் ஆள் சோறு தின்பதை ஒலிபரப்புவார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

குனிந்து வயரைப் பார்த்தேன். விஷயம் உடனே விளங்கிவிட்டது. போர்டில் பாட்டு உள்ளே போகிற இடமும் சத்தம் வெளியே வருகிற இடமும் வயர் முறுக்குகிற ஒரே மாதிரிப் பச்சைக் கட்டைகள். என் வீட்டுக்காரர் உள் அறைப் பெட்டியின் வயரைப் பாட்டு போகிற கட்டையில் முறுக்கிவிட்டார். அப்படி மாட்டினால் ஸ்பீக்கரே மைக்காகிவிடும், நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்த பாடம் அது. அந்தப் பெட்டிக்குக் கேட்பது இந்தப் பெட்டியில் வரும். இவ்வளவுதானா என்று ஒரு நிமிஷம் எனக்கு உயிரே வந்தது.

அடுத்த நிமிஷம்தான் உறைத்தது. அந்தப் பெட்டிக்குக் கேட்டிருக்கிறது என்றால், சத்தம் அந்த அறைக்குள் இருந்திருக்கிறது.

பூனையாக இருக்கும் என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஜன்னல் கொண்டி போட்டபடி இருந்தது. கட்டில் கிடையாது, அலுமாரி பூட்டியிருந்தது, ஒளிவதற்கு இடமே இல்லை. இலையில் வைத்தது வைத்தபடி. சோற்றுக் குவியலில் ஒரு விரல் பட்ட அடையாளம் இல்லை. அப்பளம் உடையவில்லை, எலும்பு குழம்புக்குள்ளேயே கிடந்தது. யாராவது வாய் வைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சரோஜா அதையெல்லாம் சேர்த்துப் பிசைய ஆரம்பித்தாள். தாய்மாருக்கும் ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள், அவர்களும் கண்ணில் ஒற்றி வாங்கினார்கள். அவர்களுக்கு அது பிரசாதம். எனக்கு அது எச்சில். சற்று முன்னால் என் காதால் கேட்டேன், அது அவருடைய வாய்க்குள் போய் வந்த சோறு.

“அண்ணி, நீங்க எடுக்கலையா? மருமக எடுக்காட்டி அப்பா மனசு நோகும்.”

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் வீட்டிலும் பேச்சு, வகுப்பிலும் பேச்சு. வாயில் போட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. சமைத்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது, இருந்தும் வெதுவெதுப்பு. உப்பு துளிகூட இல்லை. நான் என் கையால் போட்ட உப்பு. மெல்லாமல் விழுங்கிவிட்டுப் பின்பக்கம் ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரிக் கக்கினேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒரு பிள்ளையும் வராது, வகுப்புக்கு அன்றோடு கருமாதிதான் என்று முடிவு கட்டியிருந்தேன். வாசலைப் பார்த்தால் வழக்கத்தை விடக் கூட்டம். தோட்டத்திலிருந்து இதுவரை வராத தாய்மாரெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தர்ஷினியின் அம்மா வாழைப்பழச் சீப்போடு வந்திருந்தாள்.

“கண்டிக்கெல்லாம் அனுப்பல டீச்சர். பெரியவர் நடமாடுற வீடு, புள்ளைக்கு நல்லதுதானே? இத அந்தப் பொட்டிகிட்ட வச்சிரவா?”

என் ஜதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் தட்டுக்கழி பிடித்துக் கை காய்த்தது எனக்கு, பேர் வாங்கியது ஓர் ஏப்பம். இருந்தாலும் பழத்தை வைக்கச் சொன்னேன். வேறு என்ன செய்ய?

வயர்களை நானே சரியாக மாற்றினேன். இரண்டு பெட்டியும் ஹாலுக்கு வந்தன. பாட்டு அருமையாகக் கேட்டது, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில் மெல்லுகிற சத்தம் வருகிறது. சார்ஜரை மாற்றினேன். போர்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வகைப் போர்டு வாங்கினேன். பேராதனையில் ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் காட்டினேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்டிகளையே விற்கலாம்தான். விற்ற அன்றைக்கே பிள்ளைகள் கண்டி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சத்தம்கூடப் பரவாயில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். என்னால் தாங்க முடியாதது பிள்ளைகள்தான். பாட்டு நின்றதும் அரைமண்டியில் அப்படியே நிற்கிறார்கள். ஒருத்தியும் சிரிப்பதில்லை, பயப்படுவதும் இல்லை, பெட்டியைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. அவர் விழுங்கி முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை நான் அடுத்த பாட்டைப் போடக் கையை நீட்டியபோது, முன்வரிசையில் நின்ற தர்ஷினி கண்ணாலேயே, கொஞ்சம் பொறுங்கள் டீச்சர் என்று காட்டினாள். நானும் கையை எடுத்துவிட்டுப் பொறுத்தேன்.